பிழைச் செய்தியை மறைக்காதீர்கள்

"அப்பா, இது வேலை செய்யேல்லை."

பிள்ளை புரோகிராம் எழுதப் பழகுகிற வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த வசனம் கேட்கும். எங்கள் வீட்டில் அது நேராக என்னிடம்தான் வரும். மென்பொருள் எழுதுவதுதானே என் தொழில். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் காட்டும் நாளில், பன்னிரண்டு வயது மகள் சொன்ன வசனம் வேறு.

"அப்பா, அம்மம்மாவின்ர சொல்லு ஒண்டும் இல்லை."

அவள் செய்திருந்தது ஒரு சின்ன டெஸ்க்டாப் செயலி. பைதன் மொழியில், டிகின்டர் என்ற கருவியை வைத்து எழுதியது. திறந்தால் ஒரு விண்டோ வரும். அதில் ஒரு தமிழ்ச் சொல், கீழே நான்கு விளக்கங்கள். சரியானதை அமத்தினால் அவள் கீறிய படம் தெரியும். சொற்கள் பாரிஸில் இருக்கும் அம்மம்மாவிடமிருந்து வந்தவை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மம்மா சொல்லச் சொல்ல இவள் தட்டச்சு செய்வாள். கடகம், சுளகு, உறி, பிழா, துலா. என் தலைமுறையே பாதி மறந்துவிட்ட சொற்கள். ஒரு வருடத்துக்கு மேலாகச் சேர்த்ததில் 143 சொற்கள் இருந்தன. எல்லாம் ஒரே ஒரு எழுத்துக் கோப்பில், வரிக்கு ஒரு சொல்லாக.

வீட்டில் அவள் பாவிப்பது மாக் கணினி. அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே முதல் நாள் இரவு எங்கள் பழைய விண்டோஸ் மடிக்கணினியில் பைதனைப் போட்டுக் கொடுத்தேன். செயலியும் சொற்கோப்பும் அவளுடைய பென் டிரைவில் இருந்தன. அந்த மடிக்கணினியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவில்லை. மாக்கில் ஓடுவது இதில் ஓடாதா என்ன என்று நினைத்தேன்.

பள்ளியில் திறந்தால் விண்டோ வந்தது, சொல் வரவில்லை. வெறும் வெள்ளை. பின்னால் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். நான் சொன்னேன்: "ஒருக்கா மூடிப்போட்டுத் திறந்து பாரம்மா."

அவள் மூடினாள். திறந்தாள். அப்போதும் வெள்ளைதான். வீட்டுக்கு வந்து சொற்கோப்பைப் பார்த்தால் அதன் அளவு பூச்சியம். மாக்கில் பழைய பிரதி ஒன்று கிடந்தது. அதில் 96 சொற்கள். மிச்சம் 47 சொற்களைக் காணவில்லை.

அவள் அழுதது சொற்கள் போனதற்காக மட்டும் இல்லை. "நான்தான் என்னவோ உடைச்சுப்போட்டன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்குக் கை பரபரத்தது. பத்து நிமிடம் தந்தால் நானே கண்டுபிடித்துச் சரிசெய்திருப்பேன். ஆனால் அப்படிச் செய்திருந்தால், தான் உடைத்ததை அப்பா திருத்தினார் என்பதுதான் அவள் மனத்தில் நின்றிருக்கும். எனவே மேசையில் அவளை இருத்தி, நான் பக்கத்தில் கதிரை போட்டு, கீபோர்டில் கை வைப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிரவும் மறுநாளும் நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் பிள்ளை எந்த மொழியில் எழுதினாலும் இதே ஒழுங்கு உதவும். பெற்றோருக்கு புரோகிராமிங் தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதல் வேலை, மிஞ்சியிருப்பதைப் பிரதி எடுப்பது. 96 சொல் இருந்த கோப்பை வேறு இரண்டு இடத்தில் போட்டோம். பரிசோதனை எல்லாம் பிரதியில்தான். இதைப் பள்ளியிலேயே செய்திருக்க வேண்டும். ஏதோ பிழையாகத் தெரிந்தால் முதலில் கையை எடுக்க வேண்டும். மூடித் திறக்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. அன்று எங்களைக் கெடுத்தது அதுதான். காரணம் பிறகு வருகிறது.

இரண்டாவது, மூன்று கேள்விகள். என்ன செய்தாய்? என்ன நடக்கும் என்று நினைத்தாய்? உண்மையில் என்ன நடந்தது? "வேலை செய்யேல்லை" என்பது பதில் இல்லை. "மடிக்கணினியில் செயலியைத் திறந்தேன், முதல் சொல் வரும் என்று நினைத்தேன், விண்டோ வந்தது, சொல் வரவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை" என்பதுதான் பதில். அலுவலகத்திலும் ஒரு பிழையை நாங்கள் இப்படித்தான் பதிவு செய்கிறோம். இந்த மூன்றையும் சொல்லிக்கொண்டு வரும்போதே பாதிப் பிள்ளைகள் தாங்களாகவே "ஆ, விளங்கிட்டுது" என்று எழும்பிப் போய்விடுவார்கள்.

மூன்றாவது, அதே பிழையைத் திரும்ப வரவைப்பது. 96 சொல் கோப்பின் பிரதியை மடிக்கணினியில் போட்டுச் செயலியைத் திறந்தாள். வெள்ளை விண்டோ. அதே கோப்பு மாக்கில் ஒழுங்காக ஓடியது. அப்போதே முகம் கொஞ்சம் மாறியது. "அப்ப கோப்பு பழுதில்லை?" இல்லை. வித்தியாசம் கணினியில்தான்.

நான்காவது, பிழைச் செய்தியைத் தேடுவது. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பைதன் இப்படிப்பட்ட இடத்தில் சும்மா இருக்காது, ஏதாவது சொல்லும். ஏன் சொல்லவில்லை என்று அவள் தன்னுடைய நிரலை மேலிருந்து வாசித்தாள். கோப்பை வாசிக்கும் இடத்தில் நின்றாள். அங்கே 'ட்ரை', 'எக்ஸெப்ட்' என்று இரண்டு பகுதி. கருத்து இதுதான்: கோப்பை வாசித்துப் பார், என்ன பிழை வந்தாலும் பரவாயில்லை, வெறும் பட்டியலோடு தொடங்கு.

"இது நீங்கள் போடச் சொன்னது" என்றாள்.

உண்மை. ஒரு வருடத்துக்கு முன், செயலியை முதன்முதல் ஓட்டும்போது சொற்கோப்பே இருக்காது என்பதால் பிழை வந்தது. நான் கோப்பி குடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதை எக்ஸெப்ட் போட்டு விடு" என்று சொன்னேன். 'கோப்பு இல்லை' என்ற ஒரு பிழைக்கு மட்டும் போட்டிருக்க வேண்டியது. எல்லாப் பிழைக்கும் சேர்த்து வாயைக் கட்டிவிட்டோம்.

அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, ஐகனை அமத்தாமல் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையிலிருந்து ஓட்டினாள். சிவப்பாகவோ கறுப்பாகவோ பத்து வரி ஆங்கிலத்தைக் கண்டதும் பிள்ளைகள் மூடிவிடப் பார்ப்பார்கள். பைதனில் கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பது இருக்கும். எங்களுக்கு வந்த கடைசி வரி இதுதான்: யூனிகோட் டிகோட் பிழை, இன்ன இடத்தில் உள்ள பைட்டை வாசிக்க முடியவில்லை.

ஐந்தாவது, சிறிதாக்குவது. 96 சொல்லை வைத்துக்கொண்டு தேட முடியாது. ஒரு சொல் மட்டும் உள்ள கோப்புகள் செய்யச் சொன்னேன். 'கடகம்' போட்டாள். அதே பிழை. 'உறி' போட்டாள். பிழை இல்லை, ஆனால் திரையில் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் ஆர் குறியுமாகக் குப்பை வந்தது. 'பிழா', 'யானை' இரண்டும் குப்பை. 'அம்மா' பிழை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் குப்பைச் சொற்கள், மறுபக்கம் விழுந்த சொற்கள் என்று எழுதத் தொடங்கினாள். பத்துச் சொல்லுக்குள் கத்தினாள்: "புள்ளி வாற சொல்லெல்லாம் விழுது!"

"சுளகு?" என்று கேட்டேன். போட்டுப் பார்த்தாள். அதில் புள்ளி இல்லை, ஆனாலும் விழுந்தது. துலாவும் விழுந்தது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சு, து... உகரம் ஏறினாலும் விழுது."

இதன் காரணத்தை எளிதாகச் சொல்கிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை வேண்டும். இன்று உலகம் முழுக்கப் பாவிப்பது யுடிஎஃப்-8 என்ற முறை. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். நாம் 'கடகம்' என்றால் நாலு எழுத்து என்போம். கணினிக்கு க, ட, க, ம, அதன் மேல் ஒரு புள்ளி என ஐந்து குறியீடு. ஐந்து மூன்று பதினைந்து பைட். மாக் இந்த முறையில்தான் எழுதியது, இந்த முறையில்தான் வாசித்தது.

விண்டோஸில் பைதனிடம் எந்த முறை என்று சொல்லாமல் கோப்பைத் திறந்தால், அது அந்தக் கணினியின் பழைய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் விற்கும் கணினிகளில் அது பெரும்பாலும் 1252 என்ற இலக்கமுள்ள அட்டவணை. அது ஒரு பைட்டை ஒரு எழுத்தாக வாசிக்கும். ஆகவே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று குப்பை எழுத்தாகத் தெரியும். அதோடு அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன: 129, 141, 143, 144, 157. புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. வெறும் இடத்தில் கால் வைத்ததும் பைதன் விழுகிறது. 'ஏ', 'ஐ' என்ற உயிரெழுத்துகளுக்கும் இதே கதி, அவை 143, 144.

'கடகம்' கோப்பின் பிழைச் செய்தியில் '14ஆவது இடம்' என்று இருந்தது. நாலெழுத்துச் சொல்லில் 14 எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டிருந்தாள். இப்போது விரல் விட்டு எண்ணினாள். கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும். பதினைந்து பைட்டில் கடைசிப் பைட்டின் இலக்கம் 14. கடைசியில் இருப்பது அந்தப் புள்ளி. செய்தி அச்சொட்டாக இடத்தைக் காட்டியிருந்தது. ஒரு வருடமாக அதன் வாயை நான்தான் பொத்தி வைத்திருந்தேன்.

இனி, சொற்கள் எப்படி அழிந்தன? மூடும்போது பட்டியலைத் தானாகச் சேமிக்கும்படி அவள் எழுதியிருந்தாள். நல்ல யோசனைதான். ஆனால் பள்ளியில் பட்டியல் வெறுமையாக இருந்தது. எழுதுவதற்காக ஒரு கோப்பைத் திறந்தவுடனேயே அதில் இருந்த பழையது துடைக்கப்பட்டுவிடும். பிறகு எழுதுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. அவள் முதல் தடவை வெள்ளை விண்டோவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் 143 சொல்லும் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. "மூடிப்போட்டுத் திறந்து பார்" என்று நான் சொன்ன பிறகுதான் போயின.

இதை அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். எக்ஸெப்ட் என்னுடையது, மூடச் சொன்னதும் நான், ஓட்டிப் பார்க்காமல் கொண்டுபோனதும் நான். அவளுடைய பங்கு, எந்த எழுத்துமுறை என்று கோப்பைத் திறக்கும்போது எழுதாதது மட்டும். பல வருடம் தொழில் செய்பவர்களும் விடுகிற பிழை அது. பைதன் 3.15 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 தானாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்று அதை உருவாக்குகிறவர்களே தீர்மானித்திருக்கிறார்கள் என்றால், எத்தனை பேர் இதில் அடிபட்டிருப்பார்கள் என்று பாருங்கள்.

திருத்தம் மொத்தம் நாலு. வாசிக்கும்போதும் எழுதும்போதும் யுடிஎஃப்-8 என்று சொல்வது. எக்ஸெப்ட்டை 'கோப்பு இல்லை' என்ற பிழைக்கு மட்டும் வைப்பது. வேறு எந்தப் பிழை வந்தாலும் ஒரு பெட்டியில் காட்டுவது, ஒழுங்காக வாசிக்காத பட்டியலைச் சேமிக்காமல் விடுவது. கடைசியாக, சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதாமல் புதுக் கோப்பில் முழுவதையும் எழுதி முடித்து, அதன் பிறகு பெயரை மாற்றி வைப்பது. நடுவில் மின்சாரம் போனாலும் பழையது மிஞ்சும்.

டெஸ்க்டாப் செயலி எழுதும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் வேறு சில சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் எங்கள் வீட்டிலும் வந்தவை.

விண்டோ உறைந்துபோகும். பத்து வினாடி எண்ணுவதற்குப் பிள்ளை 'ஸ்லீப்' போட்டிருக்கும். விண்டோ என்பது ஒரே ஒரு ஆள் இருக்கும் கடை மாதிரி. பட்டன் அமத்துவதைக் கவனிப்பதும் படத்தைக் கீறுவதும் அதே ஆள்தான். அவரை நித்திரை கொள்ள விட்டால் கடை மூடிக் கிடக்கும். சுமார் ஐந்து வினாடி பதில் இல்லை என்றால் விண்டோஸ் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். டிகின்டரில் இதற்கு 'ஆஃப்டர்' இருக்கிறது: இத்தனை நேரம் கழித்து இதைச் செய் என்று சொல்லிவிட்டு, ஆளை மற்ற வேலைக்கு விட்டுவிடலாம்.

படம் வராது, பிழையும் வராது. ஒரு ஃபங்ஷனுக்குள் படத்தைத் திறந்து விண்டோவில் போட்டிருப்பார்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் படத்தை யாரும் வைத்திருக்கவில்லை என்று நினைத்துப் பைதன் அதைக் குப்பையில் போட்டுவிடும். படத்தை வெளியில் ஒரு மாறியில் பிடித்து வைத்திருந்தால் போதும்.

பட்டனை அமத்த முன்னரே அதன் வேலை நடந்துவிடும், அமத்தினால் ஒன்றும் நடக்காது. பட்டனுக்கு ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்கும் இடத்தில் பின்னால் அடைப்புக்குறி போட்டிருப்பார்கள். பெயர் மட்டும் என்றால் 'பிறகு கூப்பிடு'. அடைப்புக்குறியோடு என்றால் 'இப்பவே கூப்பிடு'.

நேற்று ஓடியது இன்று ரேண்டமில் சாய்ஸ் இல்லை என்று சொல்லும். பிள்ளை தன்னுடைய கோப்புக்கே 'ரேண்டம்' என்று பெயர் வைத்திருக்கும். பைதன் தன்னுடைய ரேண்டத்தை விட்டுவிட்டு இதை எடுத்துவிடும். பெயரை மாற்றினால் சரி.

ஒரு இடத்திலிருந்து திறந்தால் ஓடும், வேறு இடத்திலிருந்து திறந்தால் 'கோப்பு இல்லை' என்று வரும். வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்தால், செயலி இருக்கும் ஃபோல்டரில் அல்ல, அதை எங்கிருந்து ஓட்டினோமோ அங்கேதான் தேடும். செயலி இருக்கும் இடத்தைக் கேட்டு, அதிலிருந்து முழு முகவரியைக் கட்டப் பழக்க வேண்டும்.

இவற்றில் எது வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிரதி எடுக்கச் சொல்லுங்கள், மூன்று கேள்வியையும் கேளுங்கள், கடைசி வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கீபோர்டை வாங்காதீர்கள். நான் வாங்கியிருந்தால், புள்ளி வைத்த சொல்தான் விழுகிறது என்று அவள் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவுக்கு எடுத்து நடந்ததைச் சொன்னாள். நான் பயந்துகொண்டிருந்தேன். அம்மம்மாவுக்கு 81 வயது. முன்பு சொன்னவை எல்லாம் இப்போது ஞாபகம் வருமா தெரியாது. "அதுக்கென்ன, இன்னொருக்காச் சொன்னாப் போச்சு" என்றார். இதுவரை 47இல் 39 திரும்பி வந்திருக்கின்றன, முன்பு சொல்லாத 12 புதிதாக. எட்டுச் சொற்கள் இன்னும் வரவில்லை. அவை என்ன என்று அம்மம்மாவுக்கும் தெரியவில்லை, இவளுக்கும் தெரியவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

கோப்பு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. போன வாரம் அவளுடைய நிரலைப் பார்த்தேன். எக்ஸெப்ட் இருந்த இடத்தில், கணினி வாசிக்காத குறிப்பு வரியாக, தமிழில் எழுதி வைத்திருக்கிறாள்: "இது அப்பா போட்டது. திரும்பப் போட வேண்டாம்." புள்ளிகளோடு, விண்டோஸிலும் ஒழுங்காகத் தெரிகிறது.